காக்ஸ் டவுனில் ஏழு நாள், மயக்கத்தில் இரண்டு மணி நேரம்

பெங்களூருக்குப் போகிறேன் என்றதும் ஆரணியில் எங்கள் தெருவே ஒரே யோசனையைத்தான் சொன்னது: ஸ்வெட்டர் எடுத்துக்கொள். எதற்குப் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. என் மகள் ஆதிரையின் மேலுதட்டில் ஓடும் தையல் கோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிளவுபட்ட உதட்டோடு பிறந்தவள். ஐந்தாம் மாதம் உதட்டைத் தைத்தாயிற்று. வாய்க்குள் மேலண்ணத்திலும் பிளவு இருக்கிறது. அதை மூடத்தான் இந்தப் பயணம். அவளுக்கு இப்போது பதின்மூன்று மாதம்.

ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டேன். பால் புகட்டும் பாலாடை இரண்டு, மூக்கு வழியாக வரும் பாலைத் துடைக்கப் பழைய வேட்டித் துண்டுகள், அவளுடைய உரை மருந்துப் பொட்டலம், பிறகு ஒரு நோட்டு. நோட்டில் பதினேழு கேள்விகள் எழுதியிருந்தேன். பதினேழும் மயக்க மருந்தைப் பற்றியவை.

கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று மாடியில் துணி எடுக்கப் போனதால்தான் உதடு இப்படி ஆனது என்பது மாமியார் வீட்டுத் தீர்ப்பு. நான் வேதியியலில் முதுகலை படித்தவள், கிரகணத்தை நம்பவில்லை. ஆனால் அதே படிப்பின் பலத்தில் இணையத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன், படித்ததையெல்லாம் நம்பினேன். எலிக்குட்டிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தால் வளரும் மூளையில் நரம்பு அணுக்கள் அழிகின்றனவாம். குரங்குக்குட்டிகளிலும் அப்படித்தானாம். மூன்று வயதுக்குள், மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது பல முறை மயக்கம் கொடுப்பதானால் யோசித்துச் செய்யுங்கள் என்று ஒரு எச்சரிக்கை. ஆதிரைக்கு இது இரண்டாவது முறை. இரண்டு என்பது 'பல'வில் சேருமா? இதுதான் என் நோட்டில் முதல் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை பகலில் போய்ச் சேர்ந்தோம், அவளும் நானும் மட்டும். கணவர் பிரகாஷ் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். புது மாடல் வண்டிக்கான வேலை நடப்பதால் அறுவை சிகிச்சை நாளுக்கு மட்டும் லீவு. என் அம்மா காலை உடைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். மாமியார் "இன்னும் கொஞ்சம் வளரட்டுமே" என்று சொல்லிவிட்டு வாசலோடு நின்றுகொண்டார்.

அறை காக்ஸ் டவுனில், ஒரு பழைய ஓட்டு வீட்டின் பின்பக்க மாடியில். வீட்டுக்கார அம்மாள் ஸ்டெல்லா ஆன்ட்டி, ஓய்வு பெற்ற டீச்சர். மூன்று தலைமுறையாகப் பெங்களூர்த் தமிழர். வாசலிலேயே குழந்தையின் உதட்டைப் பார்த்தார். பார்க்காதது போலப் பாவனை செய்யாதது பிடித்திருந்தது.

"நல்லா தச்சிக்கிறாங்களே. யாரு டாக்டரு? மேல போம்மா, கீசர் போட்டு வச்சிக்கிறேன். தண்ணி வீணாக்காத, அவ்ளோதான் நம்ம கண்டிசன்."

அன்று சாயங்காலம் ஜன்னலில் நின்று பின் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்ச்சிலிருந்து திரும்பும் குடும்பங்கள், ஸ்கூட்டரில் முன்னால் நிற்கும் பிள்ளைகள். எங்கள் ஊரில் இந்நேரம் யாராவது ஒருவர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்திருப்பார். அது எனக்குத் தொல்லையாகவும் இருந்திருக்கும். இங்கே ஒருவரும் வரவில்லை.

திங்கட்கிழமை முதல் விபத்து. ஆஸ்பத்திரியின் பேரைச் சொல்லி ஆட்டோ ஏறினேன். முக்கால் மணி நேரம் சிக்னல் சிக்னலாக நின்று போய் இறங்கினால், ரிசப்ஷனில் என் பேரே இல்லை. அதே பேரில் ஊருக்குள் மூன்று கிளைகளாம். ஆட்டோக்காரர் போகாமல் நின்றிருந்தார்.

"எந்த பிராஞ்சுன்னு நீங்கதான மேடம் சொல்லணும்? நா இன்னா ஜோசியமா பாக்கறேன்? ஏறுங்க, ஏறுங்க. பாப்பா இன்னாத்துக்கு என்னையே மொறைக்குது?"

ஆதிரை யாரையும் அப்படித்தான் பார்ப்பாள். அவர் கண்ணாடியில் அவளுக்கு முகத்தைக் கோணிக் காட்டிக்கொண்டே ஓட்டினார். சரியான கிளைக்கு வந்தபோது எங்கள் முறை போய்விட்டிருந்தது. அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க மூன்று மணியானது. அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். புதன்கிழமை காலை எட்டு மணி. ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். மயக்க மருந்து பற்றி நாளை வேறு டாக்டர் பேசுவார். நான் நோட்டைத் திறப்பதற்குள் அடுத்த குழந்தை உள்ளே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி கேன்டீனில் சாம்பார் இனித்தது. இனிக்கும் என்று தெரிந்தும் ஒவ்வொரு வாய்க்கும் ஏமாந்தேன். ராகி முத்தே என்று பெரிய உருண்டை வைத்தார்கள். எங்கள் ஊர்க் களிதானே என்று மென்றுகொண்டிருந்தபோது எதிரில் இருந்த பெண் சிரித்துவிட்டு, மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்று கன்னடத்தில் சொல்லிக் கையால் செய்தும் காட்டினார். அவர் பக்கத்தில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி. மேலுதட்டில் அதே கோடு. இவளுக்கு நாலாவது ஆபரேஷன் என்று அவர் இன்னொருவரிடம் சொன்னது புரிந்தது. அதன் பிறகு நான் சாப்பிடவில்லை. அந்தச் சிறுமி ஸ்பூனை எப்படிப் பிடிக்கிறாள், கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய அம்மா என்னைப் பார்த்துவிட்டார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை மயக்க மருந்து டாக்டர். பேர் சுதா, என் வயதுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம். அல்சூரில் பிறந்து வளர்ந்தவராம். நோட்டைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பதினேழா? சரி, ஒண்ணொண்ணா வாங்க. மத்தியானம் டீ வரைக்கும் டைம் இருக்கு."

உண்மையிலேயே அரை மணி நேரம் பதில் சொன்னார். எலிக்கும் குழந்தைக்கும் மூளை வளரும் வேகமே வேறு. ஒரே முறை, குறைந்த நேரம் என்றால் வளர்ந்த பிள்ளைகளிடம் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பல முறை, நீண்ட நேரம் என்றால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"ரெண்டு தடவைங்கறது பல தடவையா டாக்டர்?"

"தெரியாதும்மா. தெரியாதுங்கறத தெரியாதுன்னுதான் சொல்லணும். அப்படி பல தடவை ஆன கொழந்தைங்களுக்கு வேற கஷ்டமும் இருக்கும். எது எதனால வந்துதுன்னு பிரிக்க முடியல. ஆனா அண்ணத்தை இப்படியே விட்டா பேச்சு என்னாகும்னு எங்களுக்கு நல்லாத் தெரியும்."

பிறகு அவர் கேட்டார். அலர்ஜி உண்டா, சளி உண்டா, வேறு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா. இல்லை, இல்லை, இல்லை என்றேன். எட்டு மணிக்கு ஆபரேஷன் என்பதால் விடிகாலை இரண்டு மணிக்கு மேல் பால் கூடாது, உணவு கூடாது. ஆறு மணி வரை வெறும் தண்ணீர் மட்டும் தரலாம். மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும் என்றார். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

அன்று இரவு பிரகாஷ் வந்துவிட்டார். அவர் பை நிறைய வாழைப்பழமும் எனக்குப் பிடித்த மிக்சரும். இரண்டு மணிக்குக் கடைசிப் பால் புகட்ட எழுந்ததைத் தவிர, மூன்று நாளில் முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன்.

விடியும் முன் நாலரைக்கு ஆதிரை பசியில் எழுந்துவிட்டாள். தண்ணீரைத் துப்பினாள். தொண்டை கட்டும் அளவுக்கு அழுதாள். பிரகாஷ் தூக்கிக்கொண்டு நடந்தார், நான் நடந்தேன். பிறகு பையிலிருந்து உரைகல்லை எடுத்தேன்.

பிறந்த முப்பதாம் நாளிலிருந்து அவளுக்குக் கொடுப்பதுதான். சுட்ட வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய். கல்லில் ஒன்றிரண்டு சுற்று உரைத்து நாக்கில் தடவினால் வயிறு சரியாகும், தூக்கமும் வரும். எங்கள் பக்கம் பிள்ளை பெற்ற எல்லா வீட்டிலும் இருக்கும். பாலில்தான் உரைப்போம். பால் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்று அன்று தண்ணீரில் உரைத்தேன். விதியை மீறாமல் சமாளித்துவிட்டோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. சீக்கிரம் அடங்கட்டும் என்று ஜாதிக்காயை மட்டும் எட்டுச் சுற்று சுற்றினேன். பத்து நிமிடத்தில் தோளில் சாய்ந்துவிட்டாள்.

ஏழரை மணிக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் சுதா வந்து அவளைத் தட்டி எழுப்பினார். ஆதிரை கண்ணைத் திறந்து, மூடிக்கொண்டாள். மறுபடி தட்டினார். கையைத் தூக்கி விட்டார், தொப்பென்று விழுந்தது. டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். நாக்கின் ஓரத்தில் பழுப்பாக ஒரு தீற்றல்.

"என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல டாக்டர். ரெண்டு மணிக்குப் பால். அதுக்கப்புறம் தண்ணி மட்டும்தான்."

"இது என்ன?"

நான் அப்போதும் மருந்து என்று நினைக்கவில்லை. "அது உரை மருந்து. தண்ணியிலதான் உரைச்சேன்."

அவர் டார்ச்சை அணைத்தார். "ஜாதிக்காய் இருக்கா?"

"இருக்கு."

"எத்தனை சுத்து?"

பிரகாஷ் என்னைப் பார்த்தார். "எட்டு" என்றேன்.

டாக்டர் நர்ஸிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். நர்ஸ் பட்டியலில் ஒரு பேரைக் கோடு போட்டு அடித்தார். பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"இன்னைக்கு வேணாம். இவ இப்பவே பாதி மயக்கத்துல இருக்கா, இதுக்கு மேல நான் மருந்து குடுத்தா எது எவ்ளோ வேலை செய்யும்னு எனக்குத் தெரியாது. வயித்துல என்ன இருக்குன்னும் தெரியாது. என் மருந்தோட அளவு எனக்குத் தெரியும்மா. அந்தக் கல்லுல நீங்க உரைச்சதோட அளவு உங்களுக்குத் தெரியுமா?"

முதுகலையில் ஆய்வகத்தில் மில்லிகிராம் மில்லிகிராமாக நிறுத்தவள் நான். சாயங்காலம் வரை அவளைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு எழுந்து பால் கேட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன்.

மறு தேதி வெள்ளிக்கிழமை. பிரகாஷுக்கு இனி லீவு கிடையாது. ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானும் பாத்துக்கிட்டுதானே இருந்தேன் அனிதா, எனக்கும் தோணலியே. அம்மா கேட்டா பாப்பாவுக்குக் காய்ச்சல், அதான் தள்ளி வச்சாங்கன்னு சொல்லிக்கலாம்."

அவர் போன பிறகு காரிடாரில் இரண்டு முறை வழி தவறினேன்.

வியாழக்கிழமை காலையிலேயே மாமியார் போன் செய்தார். "காய்ச்சலா? கடவுளே வேணாம்னு தடுத்திருக்காரு. புறப்பட்டு வந்துடும்மா." எனக்குக் கிரகணத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அன்று அந்த வார்த்தை என்னை விடவில்லை. தடுத்தது நல்லதற்குத்தானோ? பெட்டியைப் பாதி அடுக்கினேன். துணியை வெளியே எடுத்தேன். மறுபடி அடுக்கினேன். ஸ்டெல்லா ஆன்ட்டி துணி காயப்போட மேலே வந்தவர் கதவருகே நின்றார்.

"இன்னா, ஊருக்கா?"

"தெரியல ஆன்ட்டி."

"தெரியாம பெட்டி எதுக்கு? கொழந்தைய தூக்கினு சும்னே ஏரிப்பக்கம் ஒரு ரவுண்டு போயி வா. வந்து அடுக்கு."

அல்சூர் ஏரிக்கு நடந்தேன். மழை வருவது போல இருந்து வராமல் போன வானம். ஆரணியில் இந்த மாதத்தில் பகல் பதினோரு மணிக்கு இப்படி நடக்க முடியாது. பெஞ்சில் உட்கார்ந்தோம். உரை மருந்து இல்லாததால் ஆதிரை இரவெல்லாம் சரியாகத் தூங்கவில்லை, நானும்தான். பக்கத்துப் பெஞ்சில் இரண்டு ஐ.டி. பையன்கள் மதுரைத் தமிழில் வீட்டு வாடகையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழைக் கேட்டதும் பேச வேண்டும் போல இருந்தது. என்ன பேசுவது? குழந்தையின் மூளையைப் பற்றியா?

டீ இடைவேளையில் பிரகாஷ் வீடியோவில் வந்தார். ஆதிரை போனைப் பார்த்துக் குதித்தாள். வாயைக் குவித்து, பலம் கூட்டிச் சொன்னாள்: "அம்மா!"

அவரைத்தான் கூப்பிடுகிறாள். உதடு சரியாகத்தான் மூடுகிறது. ஆனால் வாயில் அடக்க வேண்டிய காற்று அண்ணத்தின் ஓட்டை வழியே மூக்குக்கு ஏறிவிடுவதால் 'ப்பா' என்பது 'ம்மா' ஆகிவிடுகிறது. முதலில் இதைப் பார்த்துச் சிரித்தோம். "ஆமாண்டா செல்லம், நான்தான் ரெண்டாவது அம்மா" என்பார் அவர். இன்று அவர் அதைச் சொல்லவில்லை. அவள் மறுபடி முயன்றாள். அவள் முகத்தில் ஒரு யோசனை தெரிந்தது. தான் சொல்வது வேறு, வருவது வேறு என்று அவளுக்கே தெரிந்துவிட்டது போல.

"நாளைக்கு நான் இருந்திருக்கணும்" என்றார் பிரகாஷ்.

"நான் பாத்துக்கறேங்க" என்றேன். அறைக்குப் போய்த் துணிகளை அலமாரியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒப்புதல் படிவம் நான்கு பக்கம். ஆங்கிலத்தில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. அபாயங்களின் பட்டியலில் மூளை வளர்ச்சி பற்றியும் ஒரு வரி இருந்தது. 'தந்தை அல்லது தாய்' என்ற இடத்தில் தந்தையை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். டாக்டர் சுதா வந்து முதல் வேலையாக டார்ச் அடித்து நாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"எவ்வளவு நேரம் மயக்கத்துல வைப்பீங்க டாக்டர்?"

"தேவைக்கு மேல ஒரு நிமிஷம்கூட இல்ல."

கதவு வரைதான் நான். நர்ஸின் தோளுக்கு மேலே ஆதிரை என்னை முறைத்துக்கொண்டே உள்ளே போனாள். எட்டு ஐந்து.

காத்திருப்போர் கூடத்தில் எல்லாருக்கும் இரண்டு மூன்று பேர் துணை இருந்தது. டிபன் கேரியர்கள், தலையணைகள், ஒருவர் தோளில் ஒருவர். நான் என் பையை மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்டெல்லா ஆன்ட்டி கட்டிக்கொடுத்த தக்காளி சாதம் மடியில் சூடாக இருந்து, பிறகு ஆறியது. பத்து மணி ஆனது. பத்து இருபது. மூன்று மணி நேரம் என்ற எல்லைக்கு இன்னும் எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். ஒவ்வொரு இரவும் இவள் தூங்க வேண்டும் என்று வேண்டியவள், எழுப்புங்கள், எழுப்பிவிடுங்கள் என்று ஒரு மூடிய கதவைப் பார்த்து வேண்டிக்கொண்டிருந்தேன்.

பத்து இருபத்தைந்துக்கு டாக்டர் சுதா வெளியே வந்தார். "முடிஞ்சுது. மயக்கம் மட்டும்னு பாத்தா ரெண்டு மணி நேரம் அஞ்சு நிமிஷம். நீங்க கேப்பீங்கன்னு குறிச்சு வச்சேன்."

உள்ளே அவள் எழுந்திருந்தாள், ஆனால் அவளாக இல்லை. மூக்கிலும் உதட்டிலும் ரத்தம் கலந்த எச்சில். முழங்கை மடங்கி விரல் வாய்க்குப் போகாதபடி இரண்டு கைகளிலும் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். கரகரத்த குரலில் கத்திக்கொண்டு, என்னைத் தூணைத் தள்ளுவது போலத் தள்ளினாள். கண் என் மேல் பட்டு நழுவிப் போனது. மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் இப்படித்தான் இருக்கும் என்றார்கள். தெரியும், என் நோட்டில் ஒன்பதாவது கேள்வி அது. தெரிந்திருந்தது எந்த விதத்திலும் உதவவில்லை. அன்று முழுவதும் அழுவதும் தூங்குவதுமாக இருந்தாள். யாரையும் முறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை அழுகை இல்லை. தண்ணீர் குடித்தாள். கட்டில் கம்பியில் சாய்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டு அமைதியாக இருந்தது. செய்யக் கூடாது என்று நினைத்துக்கொண்டே செய்தேன்.

"ஆதிரை, மூக்கு எங்க?"

ஒரு மாதமாக அவள் தப்பில்லாமல் செய்யும் விளையாட்டு. கேட்ட உடனே விரலை மூக்கில் வைப்பாள். இப்போது என்னைப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை.

"மூக்குடா. பாப்பா மூக்கு எங்க?"

உதடு கோணியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது? கண்? எதற்கும் ஒன்றும் இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எலிக்குட்டிகள், எட்டுச் சுற்று, இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடம், எல்லாம் ஒன்றாக வந்தன. நான் செய்ததா, அவர்கள் செய்ததா? பக்கத்துக் கட்டிலுக்கு ட்ரிப் மாற்றிக்கொண்டிருந்த நர்ஸை, "சிஸ்டர், மூக்கு எங்கன்னு கேட்டா காட்ட மாட்டேங்கறா, நல்லா காட்டிட்டிருந்தவ" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நர்ஸ் கன்னடம் கலந்த தமிழில், கையிலிருந்த பாட்டிலை இறக்காமலே சொன்னார்: "கைய கட்டி வச்சிட்டு மூக்கு காட்டுன்னா எப்டிம்மா காட்டும்? பாவம் அது."

இரண்டு கைகளும் மரக்கட்டை போல நேராக நீட்டிக்கொண்டிருந்தன. மடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை, அதனால்தான் உதடு கோணுகிறது. ஒரு நாள் முழுக்க அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "சாரிடா, சாரிடா தங்கம்" என்று அவள் பக்கம் குனிந்தேன்.

அவள் என்னையே முறைத்தாள். பிறகு விறைத்த கைகளை இரண்டு பக்கமும் அகட்டி வைத்துக்கொண்டு, மொத்த உடம்பையும் முன்னால் சாய்த்து, தன் மூக்கைக் கொண்டுவந்து என் கன்னத்தில் இடித்தாள். சளியும் கொஞ்சம் ரத்தமும் ஒட்டியது.

அது பதில்தானா, அல்லது உட்காரச் சலித்துச் சாய்ந்ததுதானா, எனக்குத் தெரியாது. இரண்டாவது முறை கேட்கவில்லை. கன்னத்தைத் துடைக்காமல் அப்படியே குனிந்து நின்றேன், இடுப்பு வலிக்கும் வரை.